ரீசார்ஜ் நோட்டில் இருந்த எண்

1993-ல் விழுப்புரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், சைக்கிள் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே இருந்தது அது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு, கோலியனூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து அந்த நாற்காலியில் உட்காருவதே பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் ஆட்கள் பேசுவார்கள். வெளியே பில் அடிக்கும் மிஷினோடு நான் இருப்பேன்.

ஒரு நாள் ஒருவர் வந்தார். சற்று முன்புதான் அவருடைய மனைவி பேசிவிட்டுப் போயிருந்தாள். உள்ளே நின்று அழுதபடி பேசியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேன். அவர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "இப்ப போச்சே ஒரு பொம்பள, எந்த நம்பருக்கு போட்டா?" என்று கேட்டார். பில்லின் நகல் என் மேசை டிராயரில்தான் இருந்தது. "மிஷின்ல நிக்காதுங்க சார்" என்றேன். அவர் திட்டினார், முதலாளியிடம் சொல்வதாக மிரட்டினார். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் போனதும் அந்த நகலைக் கிழித்துப் போட்டேன்.

என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஒருவருடைய எண்ணை ஏன் அடுத்தவரிடம் சொல்லக்கூடாது என்பது பத்தொன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அதனால், பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான திண்டிவனத்துக்கு வந்துவிட்டேன். பஸ் நிலையத்தை ஒட்டிய தெருவில் சொந்தமாக ஒரு பூத் வைத்தேன். சில வருடங்களில் செல்போன் வந்தது. பூத்துக்கு ஆள் வருவது நின்றது. கண்ணாடி அறையைக் கழற்றி விற்றுவிட்டு, செல்போன் உறை, சார்ஜர், சிம் கார்டு, ரீசார்ஜ் என்று மாறிக்கொண்டேன்.

ரீசார்ஜ் செய்ய வருபவர் தன் எண்ணைச் சொல்வார். நான் அதை ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டு, என் செல்லிலிருந்து அனுப்புவேன். எண் தவறிப் போனால் சண்டை வரும் என்பதால் எழுதி வைப்பது வழக்கம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஆண்கள் உரக்கச் சொல்வார்கள். பெண்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வார்கள். சிலர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து கையை நீட்டிக் காட்டுவார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும். அந்த நோட்டு நாள் முழுக்க கவுண்டர்மேல் கிடக்கும்.

2008 வாக்கில் ஒரு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு உதவியாளாக வேலை செய்தாள். பிரம்மதேசம் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். தாய் களை எடுக்கவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கவும் போகிறவர். அப்பா இல்லை. கொத்து வேலை செய்யும் ஒரு அண்ணன் இருந்தான். சாயங்கால டியூட்டி முடிந்து பஸ் கிடைக்காமல் போகும் நாட்களில் தாய் ஊர் நிறுத்தத்திலேயே நின்று காத்திருப்பாராம். அதற்காகத்தான் செல் வாங்க வந்திருந்தார்கள்.

"எங்கம்மாவுக்கு படிக்கத் தெரியாதுண்ணா. மனசுல நிக்கற மாதிரி ஒரு நம்பரா பாத்து குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

இருந்த சிம் கார்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி, ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். தாய் அங்கேயே நின்று அந்தப் பத்து எண்களையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தார். ஊர்க் கடையில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. அதிலிருந்து மகளைக் கூப்பிட இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நான் வழக்கமாகச் சொல்வதை அவர்களுக்கும் சொன்னேன். "சார்ஜ்ல போட்டுக்கினு பேசாதம்மா. ஈரக்கையோட ஒயர தொடாத. ரோடு தாண்டும்போது காதுல வெச்சிக்கினு போவாத."

"சரிங்கண்ணா" என்றாள். கேலி இல்லாமல், கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அதன்பின் மாதம் இரண்டு மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வருவாள். ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலையில், மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்து, எண்ணைச் சொல்லிவிட்டு, வந்துவிட்டதா என்று செல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். நின்று பேசுகிற பழக்கம் கிடையாது.

கடைக்கு எதிரே என் நண்பன் ஒருவன் வண்டியை நிறுத்தியிருப்பான். குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி. மனைவியின் தெருக்காரன், என் வயதுதான், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். இந்தக் கடையை எனக்குப் பேசி முடித்துக் கொடுத்ததே அவன்தான். ஊருக்குப் புதிதாக வந்த என்னை நாலு பேருக்கு அறிமுகம் செய்தவனும் அவன்தான். லோடு இல்லாத நேரமெல்லாம் என் கடை வாசலில் இன்னும் இரண்டு மூன்று டிரைவர்களோடு உட்கார்ந்திருப்பான். அவன் என்னை மதிப்பது எனக்கு வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வயதிலும் அப்படி ஒரு ஆசை இருந்தது என்பதை எழுதவே கூசுகிறது.

ஒருநாள் அந்தப் பெண் போன பிறகு கேட்டான். "இன்னாடா நம்பரு அந்த நர்சு பொண்ணுது?"

"வாணாம்டா. கஸ்டமர் நம்பரு."

"பெரிய கலெக்டர் ஆபீசு ரகசியம். பேசனா இன்னா, கடிச்சிடுவனா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அடுத்த முறையும் கேட்டான். அப்போதும் சொல்லவில்லை. மூன்றாவது முறை வேறு மாதிரி பேசினான். "இவனுக்கே அந்தப் பொண்ணு மேல ஒரு கண்ணு. அதான் தர மாட்டறான்" என்று மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

மறுநாள் மதியம் அவள் வந்து ரீசார்ஜ் செய்துவிட்டுப் போனாள். நண்பன் எழுந்து கவுண்டர் அருகே வந்தான். எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். கடைசி வரிக்குக் கீழே பேனாவைக் குறுக்காக வைத்தேன். "கடைய பாத்துக்கோ, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

டீக்கடை நாலு கடை தள்ளித்தான். அன்றைக்கு டீயை ஆற வைத்து ஆற வைத்துக் குடித்தேன். திரும்பி வந்தபோது பேனா வேறு இடத்தில் இருந்தது. அவன் தன் வண்டியில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் எண்ணைக் கொடுக்கவில்லை, வாயால் சொல்லவில்லை, டீ குடிக்கத்தான் போனேன் என்று அன்று மாலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவள் என் தெருக்காரர் ஒருவருடைய மகளாக இருந்திருந்தால் அந்த நோட்டை மூடித்தான் வைத்திருப்பேன். யார் வீட்டுப் பெண், நாளைக்கு யார் வந்து கேட்பார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டிருக்கும். காலனியிலிருந்து வரும், அப்பா இல்லாத பெண்ணுக்காக யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருந்தது. அதை அன்று வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் என் கை அதைத் தெரிந்துதான் நோட்டைத் திருப்பியது.

ஐந்தாறு நாளில் அவள் கடைக்கு வந்தாள். கையில் செல்லைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். கடையில் இருந்த ஆட்கள் போகும் வரை ஓரமாக நின்றுவிட்டு, பிறகு வந்து பேசினாள்.

"அண்ணா, ஒரு டவுட்டு. தெரியாத நம்பர்லருந்து போன் வந்துக்கினே இருக்குது. மொதல்ல மிஸ்டு கால் வந்துச்சு. அப்பறம் ஒருத்தன் பேசறான். கண்ட மாதிரி மெசேஜ் அனுப்பறான். நேத்து மட்டும் நாலு வேற வேற நம்பர்லருந்துண்ணா."

"யாருன்னு கேட்டியாம்மா?"

"கேட்டா சிரிக்கறாங்க. என் நம்பரு மூணே எடத்துலதாண்ணா இருக்குது. வீட்ல, ஆஸ்பத்திரில, அப்பறம் உங்ககிட்ட."

என்னைச் சந்தேகப்பட்டு அவள் சொல்லவில்லை. நம்பிக்கையான மூன்று இடங்களின் பெயரைச் சொன்னாள், அவ்வளவுதான். எதிரே நண்பனின் வண்டி நின்றிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க, சார்ஜர் தொங்கும் அட்டையைச் சரிசெய்தேன்.

"ஆஸ்பத்திரில ரிஜிஸ்டர்ல எழுதி வெப்பாங்க இல்ல? அங்க யாராச்சும் பாத்திருப்பாங்க" என்றேன்.

அவள் யோசித்தாள். "கம்பவுண்டரு ஒருத்தரு இருக்கறாரு. ஆனா அவரு அப்படி கெடையாதே" என்றாள். பிறகு மெதுவாக, "இருக்குமோ" என்றாள். எனக்கு முகம் தெரியாத ஒரு மனிதர்மேல் அந்தப் பழியைப் போட்டுவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். தெரியாத நம்பரை எடுக்காதே. எடுத்தாலும் பேர் சொல்லாதே. மெசேஜுக்குப் பதில் போடாதே. கண்டவர்களிடம் நம்பர் கொடுக்காதே. கடைசியில், "பொம்பளைங்க செல்லு வெச்சிக்கினா கொஞ்சம் உஷாரா இருக்கணும்மா" என்றேன்.

"சரிங்கண்ணா. ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிம்மை மாற்றிக்கொள்ளலாமா என்று அவளே கேட்டாள். பிறகு அவளே வேண்டாம் என்றும் சொன்னாள். அம்மாவுக்கு அந்த ஒரு எண்தான் மனதில் நிற்கிறது, புதிதாக இன்னொன்றை அவர் எப்போது படிப்பது என்றாள். அந்த எண்ணைச் சுலபமாக இருக்கட்டும் என்று தேடி எடுத்துக் கொடுத்தவன் நான். அது எல்லோருடைய மனதிலும் சுலபமாக நின்றுவிட்டது.

அன்றைக்கே நண்பனிடம் பேசினேன். "போதும், விட்டுட்றா. அந்தப் பொண்ணு அழுவுது" என்றேன். அவள் அழவில்லை. அப்படிச் சொன்னால் விடுவான் என்று நினைத்தேன்.

"நான் ரெண்டு தடவதான்டா பண்ணேன். பசங்க கேட்டானுங்க, குடுத்தேன். அவனுங்கதான் பண்றானுங்க. இதுக்கு போய் பேஜாரு பண்ற" என்றான்.

யாரிடமெல்லாம் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு துக்கத்துக்காக மரக்காணம் பஸ்ஸில் போனேன். உட்கார்ந்த இடத்தில், முன் சீட்டின் முதுகில், சாவியால் கீறிய ஒரு எண் இருந்தது. கீழே அந்த ஆஸ்பத்திரியின் பெயரும், எழுதக்கூடாத ஒரு வார்த்தையும். அவள் தினமும் வந்துபோகும் வழித்தடம் அது. கைக்குட்டையை எச்சிலால் நனைத்துத் தேய்த்தேன். பெயிண்டில் ஆழமாகக் கீறியிருந்ததால் போகவில்லை. கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைச் சாவியை எடுத்து, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், வார்த்தையைக் கிறுக்கி அழித்தேன். எண்ணில் ஒரு மூன்றை எட்டாக மாற்றினேன். ஒன்றை ஏழாக மாற்றினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. மாற்றிய எண்ணும் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். திரும்ப சாவியை எடுத்து எல்லா எண்களையும் கீறினேன். "யோவ், இன்னா பண்ற?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதி தூரத்தை நடந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய தாய் மட்டும் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த செல்லை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பின்மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"இந்த நம்பர நிறுத்திடு தம்பி" என்றார்.

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

அவர் சொன்னார். மகள் குளிக்கப் போயிருந்தபோது செல் அடித்திருக்கிறது. அண்ணன் எடுத்திருக்கிறான். எடுத்தது யார் என்று பார்க்காமலே போன் செய்தவன் என்னவோ பேசியிருக்கிறான். அண்ணன் செல்லைச் சுவரில் அடித்துவிட்டு, தங்கையையும் அடித்திருக்கிறான். வேலைக்குப் போகக்கூடாது என்று வீட்டோடு வைத்துவிட்டான்.

"யாருக்கும் குடுக்கலம்மான்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்றா. அவன் கேக்க மாட்டறான். குடுக்காம எப்படி போவும்னு கேக்கறான். நீயே சொல்லு தம்பி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். குடுக்காம போவுமா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவும்மா" என்றேன். "சில நேரம் கம்பெனிக்காரங்ககிட்டருந்தே வெளிய போயிடும்."

அவருக்கு அது பெரிய ஆறுதலாகிவிட்டது. "அப்படியா? நீ ஒரு எட்டு வந்து இத எம் பையன்கிட்ட சொல்றியா தம்பி? நீ சொன்னா கேப்பான்."

"கடைய விட்டுட்டு எப்படிம்மா வர்றது" என்றேன். கடையில் அப்போது ஒருவரும் இல்லை. அவர் சுற்றிப் பார்த்தார். உடைந்த செல்லை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சாப்பாடு கொண்டு வந்த என் மனைவி கடையின் பக்கவாட்டுக் கதவருகே நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. தூக்குச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு, "நோட்ட யாருக்குக் காட்டன?" என்று கேட்டாள்.

"யாருக்கும் காட்டல."

"கம்பெனிக்காரன்னு சொல்லும்போது உன் மூஞ்ச நான் பாத்தேன். யாருக்குக் காட்டன?"

சொன்னேன். நோட்டைத் திருப்பியது, பேனாவை வைத்தது, டீயை ஆற வைத்தது எல்லாம் சொன்னேன். முடித்ததும், "இப்பவே அந்த ஊருக்குப் போ. அந்தப் பையன்கிட்ட உள்ளத சொல்லு" என்றாள்.

"நாளைக்குப் போறேன்" என்றேன்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அடிப்பானோ என்று பயம். தெருவில் தெரிந்துவிடுமோ என்று பயம். கடைக்கு ஆள் வராமல் போய்விடுமோ என்றும் பயம். தினமும் காலையில் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். நாலைந்து நாளுக்குப் பிறகு அவள் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

நான் போகாத அந்த ஊருக்கு, அந்த ஆஸ்பத்திரியின் மூத்த நர்சம்மா போனார். கூட வேலை செய்த பெண் பத்து நாளாக வரவில்லையே என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். அந்தப் பெண் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்றைக் குறித்து வைத்திருந்தாள். எந்த எண்ணிலிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்குப் போன் வந்தது என்று வரிசையாக. அதை அண்ணனிடம் காட்ட அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நர்சம்மா அதை வாங்கி அண்ணனுக்கும் படித்துக் காட்டிவிட்டு, அண்ணன், தங்கை இருவரையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

அந்த எண்களை வைத்துப் போன் செய்தவர்களைப் பிடித்த போலீஸார் என்னையும் நோட்டோடு வரச் சொன்னார்கள். நான் போனபோது நண்பன் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இன்னும் இரண்டு பேர் அவன் பக்கத்தில். அந்தப் பெண் நர்சம்மாவின் அருகே நின்றிருந்தாள். கன்னத்தில் காயம் ஆறிப்போன கறுப்பு.

பெண் இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இத்தன பேரு நம்பரு. இது எங்க இருக்கும்?"

"கவுண்டர் மேல மேடம்."

"வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கற மாதிரி?"

"ஆமா மேடம்."

"அந்த ஆளு உங்க நோட்லருந்து எடுத்தேன்றாரு. நீங்க குடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். நோட்டு திறந்து இருந்துச்சு."

நண்பன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறானா, கேவலமாகப் பார்க்கிறானா என்று தெரியவில்லை.

அப்போது அந்தப் பெண் பேசினாள்.

"திறந்து இருந்துச்சாண்ணா, திறந்து வெச்சிட்டுப் போனீங்களா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் எப்படி அவ்வளவு சரியாகக் கேட்டாள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்சம்மா மட்டும், "இத சொல்றதுக்கு ஸ்டேஷன்லருந்து ஆள் அனுப்பணுமா?" என்றார்.

நண்பனும் மற்றவர்களும் இனிமேல் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நோட்டை மூடி வைக்க வேண்டும் என்று என்னை எச்சரித்து அனுப்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவளுடைய அண்ணன் என் அருகே வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க வந்து சொன்னதால உண்ம தெரிஞ்சுச்சுண்ணா. இல்லன்னா இவளதான் தப்பா நெனச்சிக்கினு இருப்பேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. சிமெண்டு தின்ற அந்தக் கை சொரசொரப்பாக இருந்தது. அந்தக் கையிலிருந்து என் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். திட்டு வாங்கியதெல்லாம் மறந்துவிட்டது. அவன் நன்றி சொன்னது மறக்கவில்லை.

அவள் மறுபடியும் வேலைக்கு வந்தாள். என் கடைக்கு மட்டும் வரவில்லை. மதியத்தில் தெருவின் எதிர்ப்புறமாக நடந்து, பஸ் நிலையத்துக்குள் இருந்த வேறு கடைக்குப் போவாள். நான் நோட்டு எழுதுவதை விட்டேன். துண்டுச் சீட்டுகளை வெட்டி வைத்து, வருபவர்களே எண்ணை எழுதிக் காட்டச் சொல்லி, அனுப்பியதும் சீட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். பெண்கள் நிறையப் பேர் என் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "உங்க கடைலதாண்ணா பயமில்லாம பண்ண முடியுது" என்று ஒரு டீச்சர் சொன்னார். தலையை ஆட்டினேன். நண்பன் வண்டியை வேறு இடத்தில் நிறுத்த ஆரம்பித்தான். வழியில் பார்த்தால் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.

ஆறேழு வருடம் கழித்து, விழுப்புரம் புது பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மதிய வெயில். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. முறையாக நர்சிங் படித்து விழுப்புரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். நான் அருகே போனதும் அடையாளம் கண்டுகொண்டாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"நல்லா இருக்கறியாம்மா?"

"இருக்கறேன்."

"அம்மா?"

"நல்லா இருக்கறாங்க."

நான் போயிருக்கலாம். போகாமல் சொன்னேன்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல நீ ஒண்ணு கேட்டம்மா. நோட்ட நான்தான் திறந்து வெச்சிட்டுப் போனேன். அவன் பாக்கட்டும்னுதான் திருப்பி வெச்சேன்."

கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத ஏன் இப்ப சொல்றீங்க?"

"மனசு கேக்கலம்மா. மன்னிச்சிடு."

"எங்கண்ணன் கைய ஓங்கனப்ப இத யாராச்சும் வந்து சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. எங்கம்மா உங்ககிட்ட வந்து கேட்டாங்க. அன்னிக்கு சொல்லியிருந்தா எனக்கு உதவியா ஆயிருக்கும். இன்னிக்கு சொல்றது உங்களுக்குத்தான் ஆவும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியிடம் மருந்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அவளுடைய பஸ் வந்தது.

"வர்றேன்" என்றாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லாமல் ஏறிப்போய், பெண்கள் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். வண்டி கிளம்பும்வரை என் பக்கம் பார்க்கவில்லை.

திண்டிவனம் வந்து சேர்ந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் கேப்பையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மனைவி கை நிறுத்தாமல் கேட்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்குது" என்றாள்.